முத்திரையைக் குத்தியது யார்?

கேள்வி: அரசாங்கம் 'ரகசியம்' என்று முத்திரை குத்திய ஆவணங்களைச் சில இணையதளங்கள் வெளியிடுகின்றனவே, இது நாட்டுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: முத்திரையைக் குத்தியது யார் என்று முதலில் கேளுங்கள். பல சமயம், தப்பு செய்த அலுவலகத்தின் கையில்தான் அந்த முத்திரையும் இருக்கிறது.

1948-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பி-29 ரக ராணுவ விமானம் ஒன்று விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் ராணுவத்தைச் சேராத பொறியாளர்கள். அந்த மூவரின் மனைவியரும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, விபத்து அறிக்கையைக் காட்டச் சொன்னார்கள். விமானத்தில் ரகசியக் கருவி இருந்தது, இது தேசப் பாதுகாப்பு விஷயம், தர முடியாது என்றது விமானப்படை. 1953-இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அரசின் பக்கம் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் அமெரிக்க அரசு 'ராஜ்ய ரகசியம்' என்று நீதிமன்றத்தில் கதவைச் சாத்துவது அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான்.

அப்புறம் 2000-இல், அந்த விபத்தில் கைக்குழந்தையாகத் தகப்பனை இழந்த ஒரு பெண், பழைய விபத்து அறிக்கைகளைத் தரும் இணையதளம் ஒன்றின் மூலம் அதே அறிக்கையை வாங்கிப் படித்தார். விமானத்தில் இருந்த ரகசியக் கருவியின் நுட்பம் எதுவும் அதில் இல்லை. என்ஜினில் தீப்பிடித்ததும், பொருத்தியிருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடுகளைப் பொருத்தாமல் விட்டதும்தான் இருந்தன. அரை நூற்றாண்டு மூடி வைத்தது இதைத்தான்!

கறுப்பு மை பூசிய பக்கங்களின் கதையும் இப்படித்தான். 2003-இல் அமெரிக்க நீதித்துறை தன் வழக்கறிஞர்களைப் பற்றிய ஓர் ஆய்வறிக்கையைப் பெருமளவு கறுப்படித்து வெளியிட்டது. 'மெமரி ஹோல்' என்ற தளம் அந்தக் கறுப்பை நீக்கிக் காட்டியது. அடியில் ராணுவ ரகசியம் இருந்ததா? இல்லை. அந்தத் துறையில் சிறுபான்மையினர் பாகுபாட்டை உணர்கிறார்கள் என்ற கண்டுபிடிப்புதான் இருந்தது.

2007-இல் இராக்கின் பாக்தாத்தில் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் உள்படப் பலர் இறந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அந்தச் சம்பவத்தின் வீடியோவை அமெரிக்கத் தகவல் அறியும் சட்டத்தின்படி ராய்ட்டர்ஸ் முறையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. 2010 ஏப்ரலில் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்ட பிறகுதான் உலகம் பார்த்தது. தவறையும் சட்டமீறலையும் மறைப்பதற்காக ரகசிய முத்திரை குத்தக் கூடாது என்று அமெரிக்க அதிபரின் 2009-ஆம் ஆண்டு ஆணையே சொல்கிறது. விதி இருக்கிறது, சரி. அதைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

இந்தத் தளங்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 2011 செப்டம்பரில் விக்கிலீக்ஸ் இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகத் தந்திகளை, அதாவது தூதரகங்களின் உள் செய்திகளை, தகவல் சொன்னவர்களின் பெயர்களை மறைக்காமல் கொட்டியது. கோப்பும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே வெளியே போய்விட்டன என்று காரணம் சொன்னார்கள். தூதரகத்தை நம்பித் தன் ஊர் நிலவரத்தைச் சொன்ன மனிதனுக்கு அந்தக் காரணம் என்ன பாதுகாப்பு தரும்? அவன் அதிகாரி இல்லை, பதவியில் இல்லை, எதையும் மூடி மறைத்தவனும் இல்லை. அவன் பெயரை எடுத்துவிட்டு வெளியிடுவதற்குப் பொறுமை வேண்டும், உழைப்பு வேண்டும். அது இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

ஆனால், அதைக் காட்டி பாக்தாத் வீடியோவையும் மூடி வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.