எழுபது டாலர் யார் கைக்குப் போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க கார் தொழிலாளர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மணிக்கு 70 டாலர் வாங்கியவர்களுக்காகவா இவ்வளவு உருக்கம்? அந்தச் சம்பளம்தானே ஜெனரல் மோட்டார்ஸை 2009-ல் திவாலாக்கியது? தொழிற்சங்கமே இல்லாத டொயோட்டா ஆலைகள் அதே நாட்டில் நன்றாக ஓடுகின்றன. சங்கம் ஒரு காலத்தில் தேவைப்பட்டிருக்கலாம். இன்று அது சுமைதான்.

கே.

அன்புள்ள கே.,

அந்த 70 டாலரிலிருந்தே தொடங்குகிறேன். 2008-ல் கார் நிறுவனங்களுக்கு அரசு கடன் கொடுக்கலாமா என்று விவாதம் நடந்தபோது ஊரெல்லாம் சுற்றிய எண் அது. அசெம்பிளி லைனில் நின்றவரின் அடிப்படைக் கூலி மணிக்குச் சுமார் 28 டாலர்தான். அதோடு ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், காப்பீடு எல்லாம் சேர்ந்தன. அப்புறம், என்றோ ஓய்வு பெற்றுப் போனவர்களின் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் சேர்த்து, அன்று வேலையில் இருந்தவர்களின் வேலை மணிகளால் வகுத்தார்கள். ஆட்களைக் குறைக்கக் குறைக்க வகுக்கும் எண் சிறிதாகும். யாருக்கும் ஒரு சென்ட் கூட ஏற்றாமலே 'மணிக்கூலி' ஏறிவிடும்! டொயோட்டா கென்டக்கியில் கார் செய்யத் தொடங்கியது 1988-ல். 2008-ல் அங்கே ஓய்வு பெற்றவர்களே குறைவு. இரண்டு பக்கச் செலவுக்கும் இருந்த வித்தியாசத்தில் கணிசமான பங்கு இதுதான்.

அந்த ஓய்வூதியத்தையும் இனாமாக யாரும் தரவில்லை. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வால்டர் ரூதர், ஓய்வூதியமும் மருத்துவமும் அரசு எல்லோருக்கும் தரவேண்டியவை என்று கேட்டவர். அது நடக்கவில்லை. 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அவற்றை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு ஐந்து வருட ஒப்பந்தம், பெரிய வேலைநிறுத்தம் இல்லாத உற்பத்தி. செய்த வேலைக்கான கூலியில் ஒரு பங்கைப் பின்னால் தருகிறோம் என்ற வாக்குறுதி அது. கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் அதைச் சுமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சங்கத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனார்கள். அதைவிட என்னை உறுத்துவது 2007 ஒப்பந்தம். புதிதாகச் சேருபவர்களுக்கு ஏறக்குறைய பாதிக் கூலி, மணிக்குச் சுமார் 14 டாலர் என்பதற்குச் சங்கமே கையெழுத்திட்டது. ஒரே லைன், ஒரே போல்ட், ஒரே முதுகுவலி. பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு மடங்கு. நிறுவனத்தைக் காப்பாற்றத்தான் விட்டுக்கொடுத்தார்கள், சரி. ஆனால் விலையைக் கொடுத்தது அன்று ஓட்டுப்போடும் இடத்திலேயே இல்லாத இளைஞர்கள். 2009-ல் விலைவாசிக்கேற்ப ஏறும் பஞ்சப்படியும் போயிற்று. கம்பெனிகள் மீண்டும் லாபத்துக்கு வந்து பல வருடமாகியும் அது திரும்பவில்லை.

திரும்பியது 2023-ல். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் என்ற மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம், ஆறு வாரம். நாலரை வருடத்தில் 25 சதவீத உயர்வு, பஞ்சப்படி, புதிதாகச் சேருபவர் முழுக்கூலியை எட்ட எட்டு வருடத்துக்குப் பதில் மூன்றே வருடம்.

நீங்கள் சொன்ன சங்கமில்லாத ஆலைகளுக்கு இப்போது வருகிறேன். வேலைநிறுத்தம் முடிந்த சில வாரங்களுக்குள் டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் மூன்றும் தங்கள் அமெரிக்க ஆலைகளில் கூலியை உயர்த்தின. அந்தத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூடச் சம்பளம் இழக்கவில்லை. பக்கத்து ஆலைக்காரர்கள் இழந்தார்கள். 2024 மே மாதம் அலபாமாவில் மெர்சிடிஸ் தொழிலாளர்கள் சங்கம் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள், உண்மை. அதற்கு முந்தைய மாதம் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் வோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் வேண்டும் என்றார்கள். 2014-லும் 2019-லும் அதே ஆலையில் வேண்டாம் என்ற பக்கம்தான் ஜெயித்திருந்தது.