திறந்த பிரிவுக்கு ஏறியதும் ஏன் கழன்று போகிறோம்? சைக்கிள் ஓட்டக் கேள்வி பதில்

புதியவர் பிரிவில் முன்னுக்கு வந்து, அந்தத் தெம்பில் யாரும் ஓடக்கூடிய திறந்த பிரிவில் பெயர் கொடுத்து, பாதித் தூரத்தில் கூட்டத்தை விட்டுக் கழன்றவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எந்தக் கண்ணாடி போடலாம், எந்த நிற ஜேர்சி எடுப்பாக இருக்கும் போன்ற கேள்விகளைக் கடைக்காரரிடமே கேளுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, என்னிடம் பவர் மீற்றர் (மிதிக்கும் வலுவை வாட்டில் அளக்கும் கருவி) இருக்கிறது. பயிற்சியில் ஒரு மணி நேரம் 230 வாட் பிடிப்பேன். போன ஓட்டத்தில் 25ஆவது கிலோமீற்றரில் கழன்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதுவரை சராசரி 210தான். என்னால் முடிந்ததைவிடக் குறைவாக மிதித்தும் எப்படித் தோற்றேன்?

பதில்: தம்பி, அந்தச் சராசரிதான் உங்களை ஏமாற்றுகிறது. 10 விநாடி 550 வாட்டில் மிதித்துவிட்டு 15 விநாடி காலைச் சும்மா வைத்திருந்தால் சராசரி 220தான் வரும். அதை ஒரு மணி நேரம் செய்து பாருங்கள், 230ஐச் சீராகப் பிடிப்பது எவ்வளவு சுகம் என்று தெரியும். திறந்த பிரிவு ஓட்டம் அந்த 550களால் ஆனது. பவர் மீற்றரின் பதிவைத் திறந்து, 400 வாட்டுக்கு மேல் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு, அந்தத் தடவைகள் எந்த இடத்தில் வந்தன என்று வரைபடத்தில் பாருங்கள். முக்கால்வாசி வளைவு முடிந்த இடமாகவும், சந்தி தாண்டிய இடமாகவும் இருக்கும்.

காரணம், நீங்கள் கூட்டத்தின் பின்பகுதியில் ஓடியிருக்கிறீர்கள். கூட்டம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி. வளைவில் முன்னால் இருப்பவர் லேசாகப் பிரேக் தொட்டு மணிக்கு 35 கிலோமீற்றரில் திரும்புவார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் பிடிப்பார்கள். நாற்பதாவது ஆளிடம் வரும்போது வேகம் 20க்கு இறங்கியிருக்கும். அந்த நேரம் முன்வரிசை 42ஐத் தொட்டிருக்கும். முன்னால் இருப்பவர் ஒரு வளைவுக்கு இரண்டு விநாடி உழைக்கிறார். நீங்கள் பத்து விநாடி உயிரைக் கொடுக்கிறீர்கள். அதே ஓட்டம், அதே சராசரி வேகம், செலவு மட்டும் உங்களுக்குக் கூடுதல்.

புதியவர் பிரிவில் இது தெரியாது, ஏனென்றால் வேகம் குறைவு. காற்றை எதிர்க்கத் தேவையான வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 36இலிருந்து 40க்குப் போவது பார்வைக்கு 4 கிலோமீற்றர்தான். ஆனால் காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 37 சதவீதம் கூடுதல் வலு வேண்டும். ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓடினால் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று மிச்சமாகும். கூட்டத்தின் நடுவில் இன்னும் கூட. அதனால் திறந்த பிரிவில் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விழுந்ததும் அதை உடனே மூட வேண்டும். "அடுத்த இறக்கத்தில் பிடிக்கலாம்" என்று விட்டால், அந்த இறக்கத்தில் அவர்கள் 55இல் போய்க்கொண்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் 10 கிலோமீற்றருக்குள் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிடுங்கள். அங்கே சும்மா இருந்தால் இடம் நிற்காது, இரண்டு பக்கமும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் மாற்றப் போனால் செயின் தடுமாறும். பயிற்சிக்கு: 30 விநாடி கடும் அழுத்தம், 15 விநாடி தளர்வு, இப்படி ஏறத்தாழ 10 நிமிடம். மூன்று நிமிடம் ஓய்வு. மூன்று சுற்று. கிழமைக்கு ஒரு தடவை போதும், அதற்கு மேல் செய்தால் அடுத்த பயிற்சிக்குக் கால் எழும்பாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): முன்னால் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தோளோடு தோள் உரசினால் கை தானாகப் பிரேக்குக்குப் போகிறது.

பதில்: பயம் நியாயமானது. விழுந்தால் தோலும் போகும், பின்னால் வருகிறவரும் விழுவார். ஆனால் கொழும்பில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் இடைவெளிக்குப் பயப்படுவதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. காலி வீதியில் 138ஆம் இலக்க பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவில் நுழைகிறவர்கள் நாம்! (138 ஹைலெவல் வீதிப் பக்கம் ஓடுகிற பஸ் என்று திருத்த வருகிறவர்களுக்கு: சரி, 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டு நண்பர்களோடு ஒரு புல்வெளியில், 10 கிலோமீற்றர் வேகத்தில், வேண்டுமென்றே தோளால் தள்ளிக்கொண்டு ஓடுங்கள். முழங்கையை மடித்து வையுங்கள், விறைத்த கை உரசலை நேராகச் சக்கரத்துக்கு அனுப்பும். கண், முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தில் ஒட்டக் கூடாது. அவருடைய தோளுக்கு மேலால் இரண்டு மூன்று ஆட்களுக்கு அப்பால் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் கொஞ்சம் அசைந்தாலும் விழுவது நீங்கள்தான். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, பாரம் அதில்.

கேள்வி (தெஹிவளை): காலை எட்டரைக்கு அலுவலகம், வீடு வர ஆறரை. கிழமைக்கு 6, 7 மணி நேரத்துக்கு மேல் ஏலாது. இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில் இருந்து வருகிறவர்களோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

பதில்: அவர்களை வெல்வதற்கென்றால், முடியாது. பயிற்சியும் ஓய்வும் அவர்களுக்கு வேலையின் பகுதி. உங்களுக்கு அது தூக்கத்தில் வெட்டி எடுத்த நேரம். விமானப்படை நடத்தும் பல நாள் சவாரி போன்றவற்றில் அவர்கள் அணியாகவும் ஓடுகிறார்கள்: ஒருவர் தாக்குவார், மற்றவர்கள் பின்னால் இருந்து நம்மைத் துரத்த வைப்பார்கள். அந்தத் துரத்தலில் முன்னுக்குப் போய்க் காற்றை வாங்கிக் கொடுக்கும் வேலை உங்களுக்குத் தேவையில்லை. வெல்ல வேண்டிய அணி துரத்தட்டும்.

ஆனால் கூட்டத்தோடு முடிப்பது 7 மணி நேரத்தில் நடக்கக்கூடிய காரியம். செவ்வாய் மேலே சொன்ன 30-15. வியாழன் 8 நிமிடம் கடுமையாக, நான்கு தடவை, இடையில் 2 நிமிடம். இரண்டையும் வீட்டில் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் தாங்கியில்) செய்யலாம், நல்ல மின்விசிறி ஒன்று நேரே வைத்துக்கொண்டு. ஞாயிறு வெள்ளனவே 5 மணிக்குக் கிளம்பி மூன்று மூன்றரை மணி நேரம் மெதுவாக, அவிசாவளைப் பக்கமோ நீர்கொழும்புப் பக்கமோ. மிதித்தபடி கதைக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. நம்மவர்கள் கெடுவது இங்கேதான். ஞாயிறு சவாரியில் யாராவது ஒருவர் முன்னால் போனதும் எல்லோரும் ஓட்டப் போட்டி ஆக்கிவிடுகிறோம், பிறகு செவ்வாய்க்கிழமை செய்ய வேண்டியது அரைகுறையாகிறது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் காலையில் வீதி வெறிச்சென்றிருக்கும், அதைத் தூங்கிக் கழிக்க வேண்டாம்.

கேள்வி (பத்தரமுல்லை): கார்பன் சக்கரம் வாங்கினால் கூட்டத்தைப் பிடிக்கலாமா?

பதில்: நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ குறைப்பது ஏற்றத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் உதவும். சமதரையில் எடை குறைந்தது தெரியவே தெரியாது. சக்கரத்தின் ரிம் ஆழமாக இருந்தால் காற்றில் கொஞ்சம் மிச்சம், ஆனால் கழன்று போகிறவருக்கு அது மருந்தல்ல. உலக சைக்கிள் சம்மேளனமே 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிளை விடுவதில்லை. நல்ல டயர் போடுங்கள், 28 மில்லிமீற்றர், காற்றைக் கல்லு மாதிரி அடிக்காமல். செயினைத் துடையுங்கள். உடம்போடு ஒட்டிய ஜேர்சி போடுங்கள், படபடக்கும் சட்டை நன்றாகக் காற்றைப் பிடிக்கும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): 70 கிலோமீற்றர் தாண்டியதும் தொடை பிடித்துக்கொள்கிறது. உப்புக் குறைவு என்கிறார்கள். செவ்விளநீர் குடித்தால் போதுமா?

பதில்: செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே அதைக் குடியுங்கள், ஆனால் அதை நம்பி ஓடாதீர்கள். தொடை பிடிப்புக்குப் பெரிய காரணம் தசை பழகாத வேகத்தில் களைத்துப் போவதுதான். பயிற்சியில் 34இல் ஓடிவிட்டு ஓட்டத்தில் 40இல் போனால் தொடை கேட்கத்தான் செய்யும். உப்பு மட்டும் போட்டால் அது தீராது.

கொழும்பு வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள, பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடை இல்லாமல் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர், இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். அதற்காக வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். போத்தலில் 40 முதல் 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, தேசிக்காய்ப் புளி. மணிக்கு 60 கிராம் மாச்சத்தாவது உள்ளே போக வேண்டும். வாழைப்பழம் ஒன்று ஏறத்தாழ 25 கிராம். பாற்சோற்றை அழுத்தமாகக் கட்டி, சின்னத் துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றிப் பின்பையில் போட்டால் விலை கூடின மாச்சத்து ஜெல் எதுவும் வேண்டாம். கட்டைச் சம்பலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (வத்தளை): பெண்கள் குறைவு என்று எங்களை ஆண்களோடு சேர்த்து விடுகிறார்கள். ஐந்து கிலோமீற்றரில் தனியாகிவிடுகிறேன், பிறகு 60 கிலோமீற்றர் ஒற்றை ஆளாக.

பதில்: தங்கச்சி, தொடங்கும் முன் ஏற்பாட்டாளர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஆண்களின் பின்னால் ஒட்டி ஓட உங்களுக்கு அனுமதி உண்டா? இடத்துக்கு இடம் மாறும். அனுமதி இருந்தால் முன் கூட்டத்தை மறந்துவிட்டு, கழன்று வருகிற இரண்டாம் கூட்டத்தில் ஏறுங்கள், அது கட்டாயம் உருவாகும். இல்லையென்றால், உங்கள் ஓட்டம் மற்றப் பெண்களோடு மட்டும்தான். ஆண்கள் போனதும் வேகத்தைத் தளர்த்தி, பின்னால் வரும் இரண்டு மூன்று பெண்களுக்குக் காத்திருந்து, மாறி மாறிக் காற்றை வாங்குங்கள். தனியாக 60 கிலோமீற்றர் மிதித்தவரை மூன்று பேர் கூட்டம் கடைசியில் பிடிப்பது உறுதி மாதிரி.

கேள்வி (மட்டக்குளி): இங்கே பெரிய ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றம் வந்தால் நான் முடிந்தேன். என்ன செய்ய?

பதில்: தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலோர மரின் டிரைவில் எதிர்க்காற்றில் பெரிய கியர் போட்டு, நிமிடத்துக்கு 60 சுற்றில் 10 நிமிடம் மிதியுங்கள். அசல் ஏற்றத்துக்கு ஈடாகாது, ஆனால் தொடைக்குப் புரியும். மாதத்தில் ஒரு நாள் கினிகத்தேனை மலைப் பக்கம் போய் வந்தால் இன்னும் நல்லது. ஓட்டத்தில் ஒரு தந்திரம்: ஏற்றத்தின் அடியில் முதல் பத்துப் பேருக்குள் இருங்கள். உங்கள் வேகத்தில் ஏறுங்கள், ஆட்கள் தாண்டிப் போகட்டும். உச்சிக்கு வரும்போது கூட்டத்தின் வாலில் இருப்பீர்கள், ஆனாலும் கூட்டத்துக்குள்தான். அடியிலேயே வாலில் இருந்தவர் உச்சியில் அரைக் கிலோமீற்றர் பின்னால்.

கேள்வி (நாரஹேன்பிட்டி): வயது 41. தொடர்ந்து கடைசியாக வருகிறேன். விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: மூத்தோர் பிரிவு வைக்கும் ஓட்டங்களில் அதில் ஓடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. திறந்த பிரிவில்தான் ஓட வேண்டும் என்றால் எத்தனையாவது இடம் என்பதை எழுதி வைக்காமல், எத்தனையாவது கிலோமீற்றரில் கழன்றீர்கள், அங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள். 25, 31, 44 என்று போனால் முன்னேற்றம்தான். அதே இடத்திலேயே நிற்கிறதென்றால், அநேகமாகப் பயிற்சி கூடி ஓய்வு குறைந்திருக்கிறது. காலையில் எழும்பு முன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட நன்றாகக் கூடி, தூக்கமும் கெட்டு, எரிச்சலும் வந்தால் ஒரு கிழமை லேசாக ஓட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று வந்தால் அது வேறு விஷயம், சைக்கிளை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

கேள்வி (பலர்): முதல்நாள் இரவு கொத்து ரொட்டி?

பதில்: வேண்டாம், எண்ணெயும் காரமும் காலையில் பழிவாங்கும். சோறு, பருப்பு, கொஞ்சம் மீன். காலை ஆறரைக்கு ஓட்டம் என்றால் நாலு மணிக்குள் பாணும் ஜாமும் வாழைப்பழமும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கொத்தை அன்றிரவு சாப்பிடுங்கள்.