கையெழுத்துக்கு மூன்று நாள்

கேள்வி: எனக்கு 38 வயது. வேலைக்குப் போகிறேன். மனதில் எது வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வருகிறது. போன வாரம் என் மகள் (11 வயது) வகுப்பு முடிந்து வர முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. வந்ததும் வாசலிலேயே அறைந்துவிட்டேன். ‘ஸாரிம்மா’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மனித உணர்ச்சிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். ஆறு என்கிறார்கள், எட்டு என்கிறார்கள், 27 என்கிறார்கள். எது சரி? இவற்றைப் பிரித்துப் புரிந்துகொள்வது எப்படி? மகளைப் பற்றிக் கவலையில்லை, ரொம்பப் பக்குவமானவள். பள்ளிப் படிவம் ஒன்றில் என் கையெழுத்து வாங்க மூன்று நாள் காத்திருந்து, என் முகம் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நீட்டினாள். அவள் அப்பா அமைதியானவர், எதிலும் தலையிட மாட்டார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். மகிழ்ச்சி, துக்கம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு என்ற ஆறும் பால் எக்மன் என்ற உளவியலாளர் முகபாவங்களை வைத்துச் சொன்னவை. எட்டு, தொல்காப்பியர் உணர்ச்சிகளைப் பற்றிய மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் சொன்னது. 27 என்பது 2017-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு. சின்னச் சின்ன வீடியோக்களைக் காட்டி, பார்த்தவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று கேட்டுப் பிரித்தது. அவரவர் அவரவர் தேவைக்குப் பிரித்திருக்கிறார்கள். இதில் எதை மனப்பாடம் செய்தாலும் உங்கள் வீட்டில் ஒன்றும் மாறப்போவதில்லை.

அறைந்ததைவிட அந்தக் கையெழுத்து விஷயம்தான் என்னை உறுத்துகிறது. போகிற போக்கில், அதுவும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் அந்தப் படிவம் பைக்குள் கிடந்திருக்கிறது. பள்ளியில் கேட்டிருப்பார்கள், ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். சாயங்காலம் நீங்கள் செருப்பைக் கழற்றும் வேகம், பையை வைக்கும் சத்தம், வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, ‘இன்னைக்கு வேணாம்’ என்று படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்திருப்பாள். மறுநாளும் அப்படியே. ஒரு கையெழுத்துக்கு! இதைப் பக்குவம் என்கிறீர்கள். இதன் பெயர் பயம்.

1985-இல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி போட்ட மேசையில் தவழவிட்டார்கள். நடுவில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. போகலாமா வேண்டாமா என்று தெரியாதபோது பிள்ளை அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும். அது இயற்கை. ஆனால் அந்தக் குழந்தைகள் பள்ளத்தைக் கண்டு அம்மாவைப் பார்த்தார்கள். உங்கள் மகளுக்கு உங்கள் முகமே பள்ளமாகிவிட்டது.

சரி, அந்த அறைக்கு வருவோம். மகளைக் காணோம் என்று காத்திருந்தீர்கள். பத்து நிமிடத்தில் எரிச்சல் வந்திருக்கும். இருபது நிமிடத்தில் வயிற்றைப் பிசைந்திருக்கும், அது பயம். அரை மணிக்கு மேல் நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்திருப்பீர்கள். அவள் தலை தெரிந்ததும் போன உயிர் திரும்பி வந்திருக்கும், அது நிம்மதி. அவள் கிட்டே வருவதற்குள் கை ஓங்கிவிட்டது. பயத்திலும் கோபத்திலும் உடம்புக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அட்ரீனலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், தசை முறுக்கேறும். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் படபடப்பு சட்டென்று அடங்காது. அதைக் கொட்ட உங்களுக்கு ஆள் கிடைத்தாள். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது குற்ற உணர்வு. ஆக, ஒரே நாளில் ஐந்து வந்து போயிருக்கிறது. அவள் பார்த்தது ஒன்றே ஒன்று.

ஏன் எல்லாம் கோபமாகவே வருகிறது என்றால், கோபப்படும்போது நாம் பெரியவர்களாகவே இருக்கலாம். ‘பயந்துட்டேன்’ என்று பெற்ற பிள்ளையிடம் சொல்லத்தான் நமக்கு வாய் வராது.

தொல்காப்பியத்தில் எட்டு என்று படித்தீர்களே, அதில் வெகுளி, அதாவது கோபம், பிறக்கும் காரணங்கள் நான்கையும் பார்த்தீர்களா? உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, சுற்றத்துக்குக் கேடு செய்வது, அடித்து வருத்துவது, கொல்ல வருவது. இந்த நான்கில் உங்கள் மகள் எதைச் செய்தாள்? அன்று அடித்தது நீங்கள். நியாயமாகக் கோபம் வரவேண்டியது அவளுக்கு. அவளோ ‘ஸாரிம்மா’ என்றாள். கோபப்படும் உரிமைகூட தனக்கு இல்லை என்று ஒரு பிள்ளை நினைக்கும் வீட்டில் எல்லாம் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெற்றவர்களின் மனநிலையைக் கணித்து நடப்பது பிள்ளையின் வேலை கிடையாது. வேலைக்குப் போகும் அசதி எனக்குப் புரிகிறது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது.

அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘நீ வரலைன்னதும் பயந்துட்டேன். அந்தப் பயத்துல அடிச்சுட்டேன். அடிச்சது என் தப்பு.’ இத்தோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும் சீக்கிரம் வந்திருக்கணும்’ என்று சேர்த்தால் மன்னிப்பு கெட்டுப்போகும். தாமதமானால் எப்படித் தகவல் சொல்வது என்பதை இன்னொரு நாள் பேசலாம். அப்புறம், தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ‘இன்னைக்கு ஆபீஸ்ல ரொம்ப அசதி, உன்மேல கோபம் இல்ல’ என்றால் அவள் ஊகிக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் நல்லது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, ஆபத்தைக் கண்டால் விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சற்று அடங்குவதை 2007-இல் மூளை ஸ்கேன் வைத்தே காட்டியிருக்கிறார்கள். கை ஓங்குவது இதற்கு முன்பும் நடந்திருந்தால் மனநல ஆலோசகரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கணவரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். மகள் அறை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதை நான் அமைதி என்று சொல்ல மாட்டேன். அந்தப் படிவத்தை அவள் அப்பாவிடமும் நீட்டவில்லை என்பதை அவர் யோசிக்கட்டும்.

அவள் உடனே நம்பிவிட மாட்டாள். கொஞ்ச நாள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கும் கோபப்படாதீர்கள். ஒருநாள் நீங்கள் தலைவலியோடு வந்து உட்காரும்போதே எதையாவது கேட்டு நச்சரிப்பாள், முடியாது என்றால் எதிர்த்துப் பேசுவாள். அன்று அவள் வாயை அடைக்காதீர்கள்.