ஜூரி இருந்தால் நியாயம் கிடைக்குமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் இருக்கும் என் தங்கை மகளை ஜூரியில் உட்காரக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே பலாத்கார வழக்குகள் விடுதலையில் முடிவதைப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு நீதிபதிக்குப் பதில் சாதாரண ஜனங்கள் பன்னிரண்டு பேர் தீர்ப்புச் சொன்னால் என்ன?

எம்., கூடலூர்

அன்புள்ள எம்.,

நம்மிடமும் ஜூரி இருந்தது. 1959இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விடுவிக்கச் சொன்னது. நீதிபதி ஏற்கவில்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. அது கொலை வழக்கு, விடுங்கள்.

என் தயக்கம் வேறு. இங்கிலாந்து ஜூரி காரணம் சொல்லாது. உள்ளே பேசியதை வெளியே சொன்னால் அதுவே குற்றம். நம் நீதிபதியோ எழுதியாக வேண்டும். மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் காவல் நிலையப் பலாத்கார வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் இரண்டு போலீஸ்காரர்களை விடுவித்தது. அந்தப் பெண்ணின் உடம்பில் காயமில்லை, அதனால் எதிர்த்தாள் என்பதே பொய் என்றது. படித்தால் இன்றும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அது காகிதத்தில் இருந்தது. அதனால்தான் 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அதன் தர்க்கத்தைக் கிழித்துப் போட முடிந்தது. 1983இல் சட்டம் மாறியது: போலீஸ் காவலில் பலாத்காரம் என்று வழக்கு வந்தால், உடலுறவு நிரூபணமானபின், 'நான் சம்மதிக்கவில்லை' என்று அந்தப் பெண் சாட்சி சொன்னால் நீதிமன்றம் அப்படியே கொள்ள வேண்டும். 1996இல் குர்மித் சிங் என்ற பலாத்கார வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள், பாதிக்கப்பட்டவள் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஒரு ஜூரி அதே காயக்கணக்குப் போட்டு 'குற்றவாளி அல்ல' என்று எழுந்து போயிருந்தால் எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கிருந்து வருவார்கள்? நம் மலையில் ஆளுக்கு ஆள் சொந்தம், இல்லையென்றால் மேஸ்திரிக்கு வேண்டியவர்.

விடுதலைகள் பலவும் தீர்ப்புக்கு முன்னாலேயே முடிவாகிவிடுகின்றன. தேயிலைக் கொழுந்து பறித்து நனைந்து வந்தவள் உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிடுகிறாள். பரிசோதனைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில், நடுவில் ஒரு சுவர். அந்தச் சாட்சி கூண்டில் ஏறி 'எனக்கு எதுவும் தெரியாது' என்றால், பிறழ் சாட்சி என்று சொல்லி அரசு வக்கீலே குறுக்கு விசாரணை செய்யலாம், ஆனால் வாய் திறக்காதவரிடம் எதைக் கறக்க முடியும்? பந்தலூரிலிருந்து ஊட்டி மகளிர் கோர்ட்டுக்கு இருட்டோடு பஸ் ஏறி வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, அடுத்த வாய்தா என்பார்கள்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தைக்குத் துணையாள் ஒருவரை நியமிக்க விதி இருக்கிறது. வளர்ந்த பெண்ணோடு வருவது பெரும்பாலும் அவள் அம்மாதான். அன்றைக்கு அவளுக்கும் கூலி கிடையாது.