நாற்காலியில் இருந்த பை

போட்டி நடத்துபவர்களின் செலவில் பயணம் போகும் விளையாட்டு நிருபர்களைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், நான் விளையாட்டுச் செய்திப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு சர்வதேசப் போட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. விமான டிக்கெட், ஐந்து நாள் ஹோட்டல் எல்லாம் போட்டி நடத்துபவர்கள் செலவு. “நம்மால் காசு போட்டு அனுப்ப முடியாது, போய் வா” என்கிறார் ஆசிரியர். “எல்லோரும் வாங்குவதுதான்” என்கிறார்கள் சீனியர்கள். போகலாமா? – ஓர் இளம் நிருபர்

பதில்: தம்பி, “எல்லோரும் வாங்குவதுதான்” என்பது எனக்குப் பழகிய வாக்கியம். நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். செய்தி சேகரிக்க அனுமதி தரும் அக்ரிடிடேஷன் அட்டை, நிருபர்கள் உட்காரும் பிரஸ் பாக்ஸில் ஓர் இருக்கை, மேசை, இணைய வசதி, ஆட்டம் முடிந்ததும் வீரர்களிடம் பேச அனுமதி இவையெல்லாம் வேலைக்கான கருவிகள். செய்தி எழுதாதவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் வேறு. நீங்கள் ஒரு வரிகூட எழுதாமல் திரும்பினாலும் ஐந்து நாள் சுகமாக இருந்துவிட்டு வந்திருப்பீர்கள். எழுதியது பிடிக்காவிட்டால் அடுத்த அழைப்பு வராது. இது அழைத்தவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஓர் அழைப்பில் போனேன். அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியில் ஒரு பை. உள்ளே நீல நிற ஜாக்கெட், நெஞ்சுப் பக்கம் போட்டியின் சின்னம் நூலால் தைத்தது. கூடவே என் பெயரைக் கையால் எழுதிய ஒரு வாழ்த்து அட்டை. சாயங்காலம் குளிர் அதிகமாக இருந்தது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பிரஸ் பாக்ஸில் பாதிப் பேர் அதே நீலத்தில் இருந்தார்கள்.

நான்காம் நாள், மைதானத்தில் வேலை பார்க்கும் ஒருவர் படிக்கட்டுப் பக்கம் என்னிடம் வந்தார். இரண்டு வாரமாகக் கூலி வரவில்லை என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே அவர் கண் என் நெஞ்சில் இருந்த சின்னத்துக்குப் போனது. “நீங்களும் அவங்க ஆளா?” என்றார். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்.

அன்று மாலை பத்திரிகையாளர் சந்திப்பு. மைக் பக்கத்தில் நின்றவர், முதல் நாள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வரைக்கும் வந்த அதே அதிகாரி. நல்ல மனிதர். கூலி பற்றிக் கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கையைத் தூக்கவில்லை. கேட்காதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து வேறொரு பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. எழுதியவர் சொந்தச் செலவில் வந்து, தூரத்தில் ஒரு சிறு விடுதியில் தங்கியிருந்தவர்.

என் கட்டுரைகளில் ஒரு பொய்கூட இல்லை. ஆட்டத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தேன். கூலி கிடைக்காத அந்த மனிதர் மட்டும் எதிலும் இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: போக வேண்டாம். ஆசிரியரிடம் வேறு வழி கேளுங்கள். ஐந்து நாளுக்குப் பதில் இரண்டு நாள் நம் செலவில் போகலாமா? செய்தி நிறுவனத்தின் ஆட்டச் செய்திகளை வாங்கிக்கொண்டு, வீரர்களிடம் தொலைபேசியில் பேசி எழுதலாமா? ஆசிரியர் பிடிவாதமாக அனுப்பினால், கட்டுரையின் தொடக்கத்திலேயே “பயணச் செலவும் தங்கும் செலவும் போட்டி நடத்துபவர்களுடையது” என்று அச்சிடச் சொல்லுங்கள். அடியில் பொடி எழுத்தில் போடுவது போதாது. அந்த வரியைப் போடப்போகிறோம் என்று அழைத்தவர்களுக்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள். அமெரிக்காவின் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது: பரிசு, சலுகை, இலவசப் பயணம், தனிக் கவனிப்பு எல்லாவற்றையும் மறுத்துவிடு; தவிர்க்கவே முடியாததை மறைக்காமல் சொல்.

எட்டு மாத அனுபவம் உள்ள ஒருவர் தலையில் இந்த முடிவைச் சுமத்துவது சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது பத்திரிகை எடுக்க வேண்டிய முடிவு.

கேள்வி: பிரஸ் ரூமில் கொடுக்கும் காபி, பேனா, குறிப்பேடு எல்லாம்கூடத் தப்பா? – ஒரு வாசகி

பதில்: காபியைக் குடியுங்கள். நடு ஆட்டத்தில் எழுந்து வெளியே போய்க் குடித்துவிட்டு வர முடியாது. பேனாவும் அப்படியே. வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் காட்டத் தோன்றும் பொருளாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் கிளப்புகளே நிருபர்களைக் கூட்டிக்கொண்டு போகுமாமே. அப்போதும் நல்ல எழுத்து வரத்தானே செய்தது? ஒரு வாட்ச்சுக்கும் ஓர் ஆட்டத்துக்கும் யாராவது விலைபோவார்களா? – ஒரு பழைய ரசிகர்

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான். அமெரிக்க பேஸ்பாலில் பல பத்து வருடங்கள் நிருபர்களின் ரயில் பயணத்தையும் ஹோட்டலையும் அணிகளே பார்த்துக்கொண்டன. அழகாக எழுதினார்கள். எதை எழுதாமல் விட்டார்கள் என்பதைத்தான் நம்மால் படிக்க முடியாது.

கோல்ஃபைப் பாருங்கள். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கிளப் மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, பத்திரிகையாளர்களில் சிலர் குலுக்கலில் தேர்வாகி அதே மைதானத்தில் விளையாடுகிறார்கள். கோல்ஃபை நேசிக்கும் ஒருவருக்கு அது வாழ்நாள் ஆசை, எனக்குப் புரிகிறது. ஆனால் அதே கிளப் 2012 வரை ஒரு பெண்ணைக்கூட உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 2002-இல் மார்தா பர்க் என்ற பெண்ணுரிமைப் போராளி அதை எதிர்த்துக் குரல் கொடுத்தபோது உலகமே அதைப் பேசியது. அதைப் பற்றி நேர்மையாக எழுதிய நிருபர்கள் இருந்தார்கள். ஆனாலும் குலுக்கலில் பெயர் வந்து, அந்தப் புல்லில் விளையாடிவிட்டு வந்த ஒருவர் கிளப்புக்குச் சாதகமாக ஒரு வரி எழுதினால், அது அவர் மனதில் பட்டதுதானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவர் உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். அந்தச் சந்தேகம் அவருக்கும் அநியாயம், எனக்கும் அநியாயம்.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். 2014 உலகக் கோப்பைச் சமயத்தில் பிரேசில் கால்பந்துச் சம்மேளனம் விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் வைத்த 65 பைகளை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் நிர்வாகிகளுக்கும் மற்ற நாட்டுச் சம்மேளனத் தலைவர்களுக்கும் கொடுத்தது. ஃபிஃபாவின் நெறிமுறைக் குழு அவற்றைத் திருப்பித் தரச் சொன்னது. அதற்கும் முன்னால், 2002 குளிர்கால ஒலிம்பிக்கைப் பெற அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரம் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர்களுக்குச் செய்த உபசாரங்கள் 1998-இல் வெளியே வந்தன. ஓர் உறுப்பினரின் மகளுக்குப் படிப்புச் செலவு கொடுத்ததைச் சொல்லும் ஒரு கடிதம் உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் கைக்குக் கிடைத்தது. அதிலிருந்துதான் எல்லாம் அவிழ்ந்தது. பத்து உறுப்பினர்கள் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

விளையாட்டில் பரிசுப் பைதான் பல சமயம் செய்தியே. தானும் ஒரு பையை வாங்கி வைத்துக்கொண்ட நிருபர் அந்தக் கடிதத்தை எப்படிக் கையில் எடுப்பார்? பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ ஜென்னிங்ஸை ஃபிஃபா தன் பத்திரிகையாளர் சந்திப்புகளுக்குள்ளேயே விடாமல் பல வருடம் வைத்திருந்தது. அவர் வெளியே நின்றே எழுதினார். 2015-இல் சூரிக் ஹோட்டலில் ஃபிஃபா அதிகாரிகள் கைதானபோது, அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அவர் அந்த ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கேள்வி: ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்றால் மனம் நோகாதா? எப்படிச் சொல்வது? – யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர்

பதில்: நோகும். அதனால் கொடுக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள், போகும் முன்பே எழுதிவிடுங்கள். “அட்டையும் இருக்கையும் போதும், மற்றதை நான் ஏற்பதில்லை” என்று ஒரே வரி. காரணம் விளக்கத் தொடங்கினால் அது பேரமாகிவிடும். சேனலுக்கும் இதே விதிதான். வாங்கியிருந்தால் வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

அந்த நீல ஜாக்கெட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அப்போது தோன்றவில்லை. அடுத்த முறை அவர்கள் அழைத்தபோது பத்திரிகைச் செலவில்தான் வருவேன் என்று எழுதினேன். அதே அதிகாரிதான் மைதான வாசலில் நின்றார், அதே சிரிப்பு. பிரஸ் பாக்ஸில் மற்ற நாற்காலிகளில் பைகள் இருந்தன. என் நாற்காலியில் வீரர் பட்டியலும் ஆட்ட அட்டவணையும் மட்டும் ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தன. உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, கூலி பாக்கி எல்லாம் தீர்ந்ததா என்பதை முதல் கேள்வியாக எழுதிக்கொண்டேன். அன்று மாலை கேட்டேன்.