ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னால்

வணக்கம் அம்மா. எனக்கு 23 வயது. பதினோரு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. கோலாலம்பூரில் வேலை. மதியம் அலுவலகக் கழிப்பறைக்குப் போய் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்க விரதம் இருக்கலாமா? பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயைப் பற்றி எப்போது சொல்வது?
வாசகி, செந்தூல்

அன்புள்ள மகளே,

விரதத்தைப் பற்றி உன் மருத்துவரிடம் கேள். வெறும் வயிறு, இன்சுலின், பத்துமலையின் 272 படி மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்வார். பெண் பார்க்க வருகிறவர்கள் வரும்போது வரட்டும். கழிப்பறை என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு சொல்தான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

என் தம்பிக்கும் இதே நோய். பினாங்கில் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் அவனுடைய இன்சுலின் புட்டி ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும், செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு. விருந்தாளிகள் வந்தால் அம்மா அதை இன்னும் உள்ளே தள்ளுவார். ஒரு முறை அப்படியே உறைந்துபோயிற்று. உறைந்த இன்சுலின் எதற்கும் உதவாது, தூக்கித்தான் போட வேண்டும். பையனுக்கு இனிப்பு நீர் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அம்மாவுக்கு அவ்வளவு பயம்.

பத்தொன்பது வயதில், ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் அவனுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. குடித்திருக்கிறான் என்று இறக்கிவிட்டார்கள். சட்டைப்பையில் மிட்டாய் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. கூடவே இறங்கிய நண்பனுக்கும் ஒன்றும் தெரியாது. மூன்று ஆண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்! ஒட்டுக்கடைக்காரர் ஒருவர், தன் வீட்டிலும் இதைப் பார்த்தவர், சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். அவர் அன்று கடை திறக்காமல் இருந்திருந்தால்?

மிட்டாய் தின்று வந்த நோயா இது? உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. இதில் நீ வெட்கப்பட என்ன இருக்கிறது? 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் போய்விடுவார்கள். அப்படிக் கிடைத்த மருந்தைக் கதவுக் கொக்கியில் பையை மாட்டிவிட்டு, ஈரத் தரையில் நின்றுகொண்டு குத்திக்கொள்கிறாயே, கோபம் வராதா எனக்கு?

நாளை மதியம் உன் மேசையிலேயே போட்டுக்கொள். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இழுப்பறையைத் திறந்து மிட்டாய் இருக்கும் இடத்தைக் காட்டு. இரத்தத்தில் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே போனால் நீ எப்படி இருப்பாய் என்று சொல்லிவை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. கல்யாணப் பேச்சை அதற்கப்புறம் பேசுவோம்.