பொண்ணு ஓட்டுற பைக்ல முதல் தடவ பின்னாடி உக்காரப் போறீங்களா?

மடிப்பாக்கத்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டுருக்காங்க. வயசு 51. பொண்ணு 350 சிசி பைக் வாங்கி தினமும் சிறுசேரிக்கு ஆபீஸ் போய்ட்டு வருது, இப்ப "ஞாயித்துக்கிழமை கபாலீஸ்வரர் கோயிலுக்கு வண்டிலயே போலாம்மா"ன்னு கூப்புடுது. அக்கா இதுவரைக்கும் டூவீலர்ல ஏறினதே இல்ல, பஸ்ஸு, ஆட்டோ, அதோட சரி. இப்பத்தான் தெருவுல ஒரே ஒரு ரவுண்டு போயிருக்காங்க, திருப்பத்துல வண்டி சாஞ்சதும் இவங்க எதிர்ப்பக்கம் சாஞ்சுட்டாங்க, பொண்ணு கத்திடுச்சாம். "விழாம இருக்கத்தானே அப்படி சாஞ்சேன், அது தப்பா? சேலையோட ஒரு பக்கமா உக்காரலாமா? எதப் புடிச்சுக்கறது?" இதான் கேள்வி.

அக்கா, தப்புதான், ஆனா நீங்க மட்டும் பண்ற தப்பு இல்ல. நான் இத்தன வருஷமா வண்டி ஓட்ட சொல்லிக்குடுக்கறேன், முதல் தடவ பின்னாடி உக்கார்றவங்க எல்லாருமே ஓட்டுறவங்களுக்கு உதவி பண்றேன்னு ஏதாவது பண்ணுவாங்க, அதுலதான் வம்பே வரும். எங்கம்மாவையே எடுத்துக்கங்க, திருவான்மியூர் சிக்னல்ல வண்டி நின்னதும் "புள்ள ஒத்தையா தாங்குறானே"ன்னு அவங்களும் ஒரு கால கீழ ஊனிட்டாங்க, எனக்குத் தெரியாது, பச்சை விழுந்ததும் நான் கிளப்பிட்டேன். கால் தப்பிச்சுது, செருப்பு மட்டும் சிக்னல்லயே நின்னுடுச்சு. அதனால சொல்றேன், ஏறி உக்காந்ததுலேர்ந்து இறங்குற வரைக்கும் ரெண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்லயே இருக்கணும், சிக்னல்ல நின்னாலும், வண்டி லேசா ஆடினாலும். நிக்கும்போது தாங்க வேண்டியது முன்னாடி இருக்கறவங்க வேலை.

சாயற விஷயத்துக்கு வரேன். வளைவுல வண்டி சாயறது விழறதுக்கு இல்ல, திரும்பறதுக்கு. ஒரு வேகத்துல ஒரு வளைவ எடுக்கணும்னா வண்டியும் ரெண்டு பேர் உடம்பும் சேந்து உள்பக்கமா ஒரு அளவு சாஞ்சே ஆகணும், அதுல நீங்க மட்டும் வெளிப்பக்கம் போனீங்கன்னா அந்தக் குறைய ஈடுகட்ட வண்டி இன்னும் அதிகமா சாய வேண்டி வரும். அதாவது எதுக்குப் பயந்து எதிர்ப்பக்கம் போனீங்களோ அதையே நீங்க கூட்டி விடுறீங்க, ஓட்டுறவங்களுக்கு வண்டி திரும்ப மாட்டேங்குதேன்னு இருக்கும், அதான் பொண்ணு கத்தியிருக்கு. அதுக்காக நீங்களா உள்பக்கம் குனியவும் வேணாம். நான் சொல்லிக்குடுக்கறது ஒண்ணுதான், வண்டி வலது பக்கம் திரும்புதுன்னா பொண்ணோட வலது தோளுக்கு மேல ரோட்டப் பாருங்க, இடது பக்கம்னா இடது தோள். பார்வை போற பக்கம் உடம்பு தானா போயிடும், எவ்ளோ சாயணும்னு நீங்க கணக்கு போட வேண்டியதில்ல. பொண்ணு முதுகையே வெறிச்சுப் பாத்துட்டு இருந்தாத்தான் அடுத்து என்ன வருதுன்னே தெரியாம உடம்பு விறைச்சுக்கும்.

எதப் புடிக்கறது? தோள் மட்டும் வேணாம். தோளப் புடிச்சா நீங்க பதறும்போதெல்லாம் அவ கையும் ஆடும், கை ஆடினா ஹேண்டில்பார் ஆடும். சீட்டுக்குப் பின்னாடி இருக்குற கம்பிய ஒரு கையால புடிங்க, இன்னொரு கை பொண்ணு இடுப்புல. ஓட்டுறது பொண்ணுங்கறதால கூச்சமும் இல்ல. திடீர்னு பிரேக் அடிச்சா உடம்பு முன்னாடி தள்ளும், ஹெல்மெட் ரெண்டும் டங்குன்னு மோதிக்கும், அப்ப பின்கம்பியப் புடிச்ச கைதான் உங்கள நிறுத்தும், கூடவே முட்டி ரெண்டாலயும் பொண்ணு இடுப்ப லேசா அணைச்சுக்கங்க. ஸ்பீட் பிரேக்கர் வந்தா முதுகுக்குத்தான் அடி, அதனால ஃபுட்ரெஸ்ட்ல கொஞ்சம் அழுத்தி, சீட்டுலேர்ந்து ஒரு விரக்கடை எழும்பின மாதிரி இருந்துக்கங்க, முட்டி அந்த அடிய வாங்கிக்கும்.

இப்ப சேலை. ஒரு பக்கமா உக்காந்து போறவங்கள தினம் பாக்கறோம், எங்க பாட்டியும் அப்படித்தான் போனாங்க, ஆனா முதல் சவாரிக்கு, அதுவும் வேளச்சேரி மெயின் ரோட்ல, வேணாம்னுதான் நான் சொல்வேன். எடை ஒரே பக்கம் இருக்கும், ரெண்டு முட்டியாலயும் அணைக்க முடியாது, பிரேக் அடிச்சா சறுக்கும். சுடிதார் போட்டுக்கிட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்க, துப்பட்டாவ குறுக்கால போட்டு இடுப்புல முடிஞ்சு பின் குத்திடுங்க, நுனி தொங்கவே கூடாது. பின்சக்கரத்துல துணி மாட்டுச்சுன்னா கழுத்தோட இழுக்கும், பயமுறுத்துறதுக்காக சொல்லல, நடக்கறதுதான். அதுக்குத்தான் பின்னாடி ஆள் உக்கார்ற வண்டில பின்சக்கரத்துல பாதியாவது மறைக்கற கார்டும், கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும் இருந்தே ஆகணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. பாக்க நல்லால்லன்னு சில பசங்க சேலை கார்ட கழட்டி வீட்ல போட்டுடுவாங்க, உங்க பொண்ணு வண்டில இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க. சேலைதான் வேணும்னா பையில எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேற வழி தெரியல.

தலைல பூவும் கொண்டையும் கூட அதே மாதிரிதான். கொண்டை போட்டா ஹெல்மெட் உச்சந்தலைல உக்காராது, நெத்திக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், அடி படும்போது அது இருந்தும் இல்லாத மாதிரி. பின்னலாப் போட்டு தாழ விட்டுடுங்க, மல்லிப்பூவ கோயில் வாசல்ல வாங்கி வெச்சுக்கலாம், மயிலாப்பூர்ல பூவுக்கா பஞ்சம். ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா, கன்னத்த லேசா அழுத்தற மாதிரி இருக்கணும், தலைய ஆட்டினா அது தனியா ஆடக் கூடாது, ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவு போதும். பின்னாடி உக்கார்றவங்களுக்கு எதுக்குன்னு இன்னமும் கேக்கறாங்க. சென்னையில 2022 மே மாசத்துலேர்ந்தே டிராஃபிக் போலீஸ் பின்னாடி உக்கார்றவங்களையும் புடிக்கறாங்க, ஃபைன் 1000 ரூபா.

ஏறுறது இடது பக்கத்துலேர்ந்துதான், ஏன்னா சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். பொண்ணு முதல்ல உக்காந்து, ரெண்டு காலும் ஊனி, பிரேக்கப் புடிச்சுக்கிட்டு "ஏறும்மா"ன்னு சொல்லணும், அது வரைக்கும் வண்டிமேல கை கூட வெக்காதீங்க. 350 வண்டி கனம், நீங்க திடீர்னு ஃபுட்ரெஸ்ட்ல மொத்த எடையையும் போட்டு ஏறினா அது உங்க பக்கமே வந்துடும். பிளாட்பாரம் ஓரமா நிறுத்தச் சொல்லி அது மேலேர்ந்து ஏறினா பாதி கஷ்டம் குறைஞ்சுது. இறங்கறதும் அதே இடது பக்கம்தான், அவ "இறங்கு"ன்னு சொன்னதுக்கு அப்புறம். தப்பித் தவறி சைலன்சர்ல கால் பட்டா குழாய்த் தண்ணிய ஒரு 20 நிமிஷம் ஊத்திட்டே இருங்க, பேஸ்ட்டு, இங்க்கு, மாவு எதுவும் அதுல தடவாதீங்க.

உங்களுக்கு சொன்னத விட உங்க பொண்ணுக்கு சொல்ல வேண்டியது எனக்கு முக்கியமாப் படுது. அவ இதுக்கு முன்னாடி யாரையாவது ஏத்தி ஓட்டியிருக்காளா? தனியா ஓட்டுறதும் பின்னாடி ஆள் வெச்சு ஓட்டுறதும் ஒண்ணு இல்ல, வண்டி நிக்க தூரம் அதிகமாகும், ஸ்லோவாப் போகும்போது ஆட்டம் அதிகமா இருக்கும். எல்எல்ஆர், அதாவது ஓட்டப் பழகறதுக்கான லைசென்ஸ், மட்டும் வெச்சிருக்கறவங்க சொல்லிக்குடுக்கறவங்கள தவிர யாரையும் பின்னாடி ஏத்தவே கூடாது, ஆபீஸ் போய்ட்டு வருதுன்னா லைசென்ஸ் இருக்கும், இருந்தாலும் கேட்டுடுங்க. பின் டயருக்கு ரெண்டு பேர்னா காத்து கூடுதலா அடிக்கணும், அளவு வண்டியோட வர்ற புக்லயே போட்டுருக்கும், பங்க்ல அதப் பாத்து அடிச்சுக்கச் சொல்லுங்க. சென்னையில டூவீலருக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருவுல 30, இதுதான் 2023 நவம்பர்லேர்ந்து போலீஸ் வெச்சிருக்கற வேக அளவு, அம்மா பின்னாடி இருக்கும்போது அதுக்கும் கீழயே போகலாம், ஒண்ணும் குறைஞ்சிடாது.

அப்புறம் பேச்சு. ஹெல்மெட்டுக்குள்ள காத்து சத்தத்துல ஒண்ணும் கேக்காது, நீங்க எட்டி எட்டி காதுகிட்ட பேசப் போனா வண்டி ஆடும். "ஐயோ பஸ்ஸு பஸ்ஸு"ன்னு தோள உலுக்குறது இருக்கே, அது பஸ்ஸ விட மோசம், அவ அந்த பஸ்ஸ உங்களுக்கு முன்னாடியே பாத்துருப்பா. கிளம்பும் முன்னாடியே பேசி வெச்சுக்கங்க, இடுப்புல ஒரு தட்டு தட்டினா மெதுவாப் போ, ரெண்டு தட்டுனா ஓரமா நிறுத்து. ரெண்டு தட்டுக்கு அவ ஏன்னு கேக்காம நிறுத்தணும், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்குக் கிளம்புங்க. முந்தின நாளே உங்க தெருவுல ஏறி இறங்கி பத்து தடவ பழகிடுங்க, அப்புறம் வேளச்சேரி, குருநானக் காலேஜ், சர்தார் படேல் ரோடு, கோட்டூர்புரம் பாலம்னு நிதானமாப் போலாம், அந்த நேரத்துக்கு ரோடு காலியா இருக்கும். மழை பெஞ்சிருந்தா அன்னிக்கு ஆட்டோ, ஈரத்துல வெள்ளக் கோடும் மெட்ரோ வேலைக்குப் போட்டுருக்கற இரும்புத் தகடும் வழுக்கும். பூஜைக் கூடைய ஹேண்டில்பார்ல மாட்ட விடாதீங்க, பையாக் குறுக்கால தோள்ல போட்டுக்கங்க, தேங்காய அங்கயே வாங்கிக்கலாம்.


போய்ட்டு வந்து, வழில வேளச்சேரில அந்த விஜயநகர் மேம்பாலம் வளைவு வருமே, அங்க எந்தத் தோளுக்கு மேல பாத்தீங்கன்னு மட்டும் எனக்கு எழுதுங்க.